டிக்கெட் கடை அக்கா பதில்கள்: ஈப்போவிலிருந்து செனாய் எவ்வளவு தூரம்?

தீபாவளி நெருங்கினால் சுங்கை சிப்புட்டில் இரண்டு இடங்களில் கூட்டம் நிற்கும். ஒன்று துணிக்கடை. இன்னொன்று பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் டிக்கெட் கடை. இந்த மாதம் வந்த கடிதங்களும் அந்தக் கூட்டம் மாதிரியே ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. எல்லாருக்கும் தெற்கே போக வேண்டும். எல்லாருக்கும் தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். பாஸ்போர்ட், விசா கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகள் கூலாயில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வருகிற மாதம் பேத்திக்குக் காது குத்து. ஈப்போவிலிருந்து செனாய்க்கு விமானத்தில் போகலாம் என்று வீட்டில் பேச்சு. பெரிய பேரன் கைப்பேசியில் பார்த்து 433 கிலோமீட்டர் என்கிறான். என் கொழுந்தனார் 540 என்று அடித்துச் சொல்கிறார். மருமகன் 269 என்று செய்தி அனுப்புகிறார். யார் சொல்வது சரி? எத்தனை மணி நேரம் ஆகும்? (ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சுங்கை சிப்புட்)

பதில்: மூன்று பேரும் சரிதான், ஆயாம்மா. வீட்டில் சண்டை வேண்டாம்.

பேரன் சொன்ன 433 கிலோமீட்டர், ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்துக்கும் செனாய் விமான நிலையத்துக்கும் நடுவே உள்ள நேர்கோட்டுத் தூரம். மருமகன் சொல்வதும் அதேதான். அவர் பார்த்த இடத்தில் மைல் கணக்கில் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். விமானியைக் கேட்டால் 234 என்பார், அது கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்கள் வைத்திருந்த அளவை விமானக்காரர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கொழுந்தனாரின் 540 மட்டும்தான் உண்மையில் வேறு தூரம். அவர் சொல்வது ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் காரில் போகிற தூரம். பல வருடம் லாரி ஓட்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வாயில் வேறு எண் எப்படி வரும்?

ஒரே இரண்டு ஊருக்கு நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வருமா என்று என் கடையில் தினமும் யாராவது கேட்பார்கள். அதற்காகவே சுவரில் தீபகற்ப மலேசியாவின் வரைபடத்தை ஒட்டி, ஈப்போவில் ஒரு குண்டூசியும் செனாயில் ஒரு குண்டூசியும் குத்தி, நடுவே பூக்கட்டுகிற நூலை இழுத்துக் கட்டிவைத்திருக்கிறேன். நூல் தாப்பாவுக்குக் கிழக்கே மலையைத் தாண்டிப் பகாங்குக்குள் இறங்குகிறது. ரவூப், காராக் பக்கமாகப் போகிறது. சிகாமட்டை ஒட்டிச் சென்று, குளுவாங் என்ற எழுத்தின் மேலேயே ஏறி, செனாயில் முடிகிறது. கோலாலம்பூர் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வந்தவர்கள் முதலில் இதைத்தான் நம்ப மாட்டார்கள். விரலால் நூலைத் தடவித் தடவிப் பார்த்து, அங்கே அழுக்கே பிடித்துவிட்டது. நமக்குத் தெற்கே போவது என்றாலே கோலாலம்பூர் வழியாகத்தானே பழக்கம்?

நெடுஞ்சாலைக்கு அந்த நூல் வழி கிடையாது. நடுவே தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதில் உயரமான கோர்பு மலை 2,183 மீட்டர், நம் பேராக்கில்தான் இருக்கிறது. அதனால் சாலை மலைக்கு மேற்கே இறங்கி, தஞ்சோங் மாலிம், கோலாலம்பூர், சிரம்பான், ஆயர் குரோ, யோங் பெங் என்று வளைந்து கூலாய்க்கு வருகிறது. புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டரும் முழுதாகத் திறக்கப்பட்டது 1994-ல். அதற்கு முன்னால் பழைய ரோட்டில் ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து, ஒவ்வொரு சிக்னலிலும் நின்று போனவர்கள் இப்போது 540-ஐப் பார்த்துக் குறை சொல்ல மாட்டார்கள்.

விமானமும் என் நூல் மேலேயே அச்சுப் பிசகாமல் போகாது. அதற்கென்று வகுத்த வான்பாதை உண்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் சொல் உண்டு, மழை மேகத்தைச் சுற்றிப் போவதும் உண்டு. ஆகவே உண்மையில் பறக்கிற தூரம் 433-ஐ விடச் சற்றுக் கூடும். குறையாது.

சரி, நேரத்துக்கு வருவோம். நேரடி விமானம் என்றால் அட்டவணையில் ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம் போட்டிருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு, "ஒன்றே கால் மணியில் பேத்தி மடியில் இருப்பாள்" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். தோட்டத்து வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை எண்ணிப் பாருங்கள். காலை 10 மணி விமானம் என்று வைத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ 30 கிலோமீட்டர், விமான நிலையம் ஊரைத் தாண்டி இன்னும் கொஞ்சம். ஏழே முக்காலுக்குக் காரில் ஏறினால் எட்டரைக்கு அங்கே இருக்கலாம். 10 மணிக்குப் புறப்பாடு, பதினொன்றே காலுக்குச் செனாய். பெட்டி வருவதற்கு இருபது நிமிடம் விடுங்கள். செனாய் விமான நிலையம் ஜொகூர் பாரு நகருக்குள் இல்லை, கூலாய் பக்கமாகவே இருக்கிறது. அது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. பகல் 12 மணிக்கு மகள் வீடு. மொத்தம் நாலே கால் மணி.

காரில் போனால்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு 30 கூட்டுங்கள். கூலாய் ஜொகூர் பாருவுக்கு முன்பே வந்துவிடுவதால் ஏறக்குறைய 30 கழியுங்கள். திரும்பக் கொழுந்தனாரின் 540-க்கே வந்து நிற்கிறோம். நெடுஞ்சாலையில் அதிகபட்ச வேகம் 110 கிலோமீட்டர். மாமாக் கடையில் பசியாறி, தாப்பாவில் ஒரு முறை, ஆயர் குரோவில் ஒரு முறை இறங்கி ஏறினால் ஏழு மணி நேரம். பண்டிகை நேரத்தில் கோலாலம்பூரைத் தாண்டுவதற்கே எவ்வளவு ஆகும் என்று நான் சொல்லப் போவதில்லை. எழுதினால் பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிடுவார்கள்.

ஆக விமானம் உங்களுக்கு மிச்சப்படுத்துவது இரண்டே முக்கால் மணி நேரம். அதற்குக் கொடுக்கிற வெள்ளி அதற்குத் தகுமா என்பதுதான் கேள்வி. ஐந்து பேர் ஒரே காரில், சீர்த்தட்டு, பலகார டின், பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவதென்றால் காரே நல்லது. நீங்கள் மட்டும், அல்லது நீங்களும் பேரனும் என்றால் விமானம்தான். முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு மணி நேரம் காலை மடக்கி உட்கார வேண்டிய வயதா இது? டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சிறிய நிலையங்களில் தளத்தில் நடந்து போய்ப் படியேற வேண்டியிருக்கும். அன்றைக்குப் போய்க் கேட்டால் தேடிக்கொண்டு ஓடுவார்கள்.

கேள்வி: விமானத்தின் வேகம் மணிக்கு 830 கிலோமீட்டர் என்கிறார்கள். 433-ஐ 830-ஆல் வகுத்தால் அரை மணி நேரம்தான். மிச்சம் முக்கால் மணி நேரம் எங்கே போகிறது? ஏமாற்றுகிறார்களா? (முன்னாள் தோட்டத்துக் கிராணி, சுங்கை சிப்புட்)

பதில்: கிராணி ஐயா, செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், ஒரு சதம் விடாமல் எழுதியவர் இப்படிக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

ஏமாற்று இல்லை. அட்டவணையில் போடுகிற நேரம் பறக்கிற நேரம் மட்டும் அல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைகிற நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் முழுதாக நிற்கிற நொடி வரை எல்லாம் அதில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் ஒன்று இறங்கினால் காத்திருப்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாமே கணக்கில் உண்டு. நிறுவனங்கள் அதன் மேல் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்துக்கொள்வார்கள், தாமதம் என்று பெயர் வரக்கூடாதே!

அப்புறம் வேகம். அந்த 830 என்பது உயரத்துக்குப் போய், சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்பது வழக்கத்தில் உள்ள விதி. ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். நம் கணக்கில் அது மணிக்கு 463 கிலோமீட்டர். ஏறும்போதும் அப்படி, இறங்கும்போதும் அப்படி.

இறக்கத்துக்கு விமானிகள் வைத்திருக்கிற ஒரு வாய்ப்பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். 1,000 அடி இறங்க 3 கடல் மைல். 30,000 அடியில் இருந்தால் 90 கடல் மைலுக்கு முன்பே இறக்கத்தைத் தொடங்க வேண்டும். ஏற்றத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு தூரம் போய்விடும். இரண்டையும் கூட்டினால் 180. மொத்தமே 234 தானே? ஆக உயரத்தில் முழு வேகத்தில் பறக்க மிஞ்சுவது 54 கடல் மைல், அதாவது ஏழு நிமிடம் போல. அதனால்தான் இந்த மாதிரிக் குட்டித் தூரத்துக்கு விமானிகள் பல முறை அவ்வளவு உயரத்துக்கே போவதில்லை. கேட்ட தண்ணீர் கைக்கு வருவதற்குள் "இருக்கைப் பட்டியைப் போடுங்கள்" என்று அறிவிப்பு வந்துவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகாது. ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் எந்தப் பயணத்துக்கும் ஏறத்தாழ ஒரே செலவுதான். தூரம் கூடினால் கூடுவது நடுவில் உள்ள வேகமான பகுதி மட்டும்.

கேள்வி: நான் ஐந்தாம் படிவ மாணவி. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இணையம் இல்லாமல் நானே கண்டுபிடிக்க முடியுமா? (கோல கங்சார்)

பதில்: முடியும், தங்கச்சி. பென்சிலும் ஒரு தாளும் போதும். கால்குலேட்டர் இருந்தால் இன்னும் சீக்கிரம். பழைய ஐந்தாம் படிவக் கணக்குப் புத்தகத்தில் பூமியைக் கோளமாக வைத்து ஒரு பாடமே இருந்தது. உன் அண்ணன், அக்காவின் புத்தகம் பரணில் கிடந்தால் எடுத்துப் பார்.

ஈப்போ நிலையம்: வடக்கு 4 பாகை 34 கலை, கிழக்கு 101 பாகை 6 கலை. செனாய்: வடக்கு 1 பாகை 38 கலை, கிழக்கு 103 பாகை 40 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. அட்சரேகையில் ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல். கடல் மைல் பிறந்ததே அந்தக் கணக்கில்தான்.

வடக்கு தெற்காக வித்தியாசம் 2 பாகை 56 கலை, அதாவது 176 கடல் மைல். கிழக்கு மேற்காக 2 பாகை 34 கலை, அதாவது 154 கலை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும். ஆனால் நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அந்தக் குறைவு மிகச் சிறியது, விட்டுவிடலாம். இப்போது 176-ம் 154-ம் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். பித்தாகரஸ் போடு. 30,976 கூட்டல் 23,716, மொத்தம் 54,692. வர்க்கமூலம் ஏறக்குறைய 233.9. அதை 1.852-ஆல் பெருக்கினால் 433.

ஆயாம்மாவின் பேரன் கைப்பேசியில் பார்த்த அதே எண். இந்தச் சுலப வழி நம் நாட்டுக்குள் நன்றாக வேலை செய்யும். லண்டனுக்குப் போடாதே, தப்பாக வரும். நீண்ட தூரத்துக்குப் பூமியின் வளைவைச் சேர்க்கிற வேறு சூத்திரம் வேண்டும்.

கேள்வி: சுபாங்கிலிருந்து பினாங்குக்கு இறக்கையில் விசிறி சுற்றுகிற விமானத்தில் டிக்கெட் போட்டிருக்கிறான் என் மகன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெட் விமானத்தைவிட எவ்வளவு மெதுவாகப் போகும்? (பகாவ் வாசகி)

பதில்: பயப்பட ஒன்றும் இல்லை, அம்மா. அந்த ஏடிஆர் 72 ரக விமானத்தின் உள்ளேயும் ஜெட் எஞ்சின் வகைதான் சுற்றுகிறது. அது விசிறியைச் சுழற்றுகிறது, அவ்வளவே. குட்டித் தூரத்துக்கென்றே செய்த விமானம் அது. எழுபது பேர் போல உட்காரலாம்.

மெதுவாகத்தான் போகும், மணிக்கு 500 கிலோமீட்டர் போல. ஆனால் சுபாங்கிலிருந்து பினாங்கு நேர்கோட்டில் 279 கிலோமீட்டர்தான். இவ்வளவு சின்னத் தூரத்தில் ஜெட் தன் முழு வேகத்தைக் காட்டவே இடம் கிடைக்காது. மேலே கிராணி ஐயாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். வித்தியாசம் பத்து, பன்னிரண்டு நிமிடம் வந்தால் அதிகம். சுபாங்கிலிருந்து கோத்தா பாரு 347 கிலோமீட்டர், அங்கேயும் கால் மணி நேரத்துக்குள்தான் இருக்கும்.

விசிறிக்குப் பக்கத்து வரிசையில் சத்தம் கொஞ்சம் கூட. பின்பக்கம் உட்காருங்கள். இந்த ரகத்தில் ஏறுகிற கதவும் பின்னால்தான், இறங்கவும் வசதி. சன்னலோரம் கேட்டு வாங்குங்கள். ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதால் வானம் தெளிந்திருந்தால் செம்பனைத் தோட்டங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் மறைக்கவும் மறைக்காது. எனக்கு ஜெட்டைவிட இதுதான் பிடிக்கும். கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்வேன், பாதிப் பேர் நம்புவதில்லை.

கேள்வி: போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது ஒரு நேரம் போடுகிறார்கள். தூரம் ஒன்றுதானே? (கம்பார்)

பதில்: காற்றுதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். நீண்ட தூரத்துக்கு, வடக்கே குளிர்நாடுகளின் மேலே பறப்பவர்களுக்கு, அது உண்மை. பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சின்னத் தூரத்தில், காற்றைவிட ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே பெரிதாக வேலை செய்யும்.

ஓடுபாதையின் முனையில் எழுதியிருக்கும் எண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பின்னால் ஒரு சுன்னம் சேர்த்தால் அது காட்டும் திசை, பாகையில். ஈப்போவில் 04, 22. ஒரு முனையில் புறப்பட்டால் வடகிழக்கு, மறுமுனையில் தென்மேற்கு. செனாய் இருப்பதோ தென்கிழக்கில். ஆக எந்த முனையில் கிளம்பினாலும் ஒரு பெரிய வளைவு போட்டுத்தான் திரும்ப வேண்டும். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் வேறு, கிழக்கே மலைத்தொடர் வேறு. செனாயின் ஓடுபாதை 16, 34. வடமேற்கிலிருந்து வருகிற விமானத்துக்கு 16-ல் இறங்குவது ஏறக்குறைய நேர்வழி. அன்றைக்குக் காற்று மாறி 34-ல் இறங்கச் சொன்னால், நிலையத்தைத் தாண்டிப் போய்ச் சுற்றி வர வேண்டும். அதிலேயே சில நிமிடம் போகும்.

இன்னொரு வில்லன் நம் ஊர் மழை. மதியம் மூன்று, நாலு மணிக்கு மேல் பேராக்கில் இடியும் மின்னலும் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். மேகத்தைச் சுற்றிப் போனால் தூரம் கூடும், மேலேயே காத்திருக்கச் சொன்னால் நேரம் கூடும். யார் கேட்டாலும் காலை விமானத்தையே போடச் சொல்வேன்.

கேள்வி: ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் இருக்கிறதே? அங்கே இறங்கிப் பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்குப் போனால் என்ன? (சுங்கை சிப்புட் இளைஞர்)

பதில்: தம்பி, ஈப்போவிலிருந்து சாங்கி 480 கிலோமீட்டர் பறக்க ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு ஜொகூர் பாலம் இருக்கிறது. 1924-ல் திறந்தது, நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஒரு கிலோமீட்டர், மற்ற 480-ஐயும் தோற்கடிக்கும். பாஸ்போர்ட்டும் வேண்டும். சிங்கப்பூரில் வேலை இருந்தால் மட்டும் போ.

கேள்வி: ரயிலில் போகலாமா, அக்கா? (அதே இளைஞர், இரண்டாம் கடிதம்)

பதில்: விடமாட்டாய் போலிருக்கிறது. நல்ல கேள்விதான். நம் ஊர் நிலையத்திலேயே மின்ரயில் ஏறலாம், ஈப்போ போக வேண்டியதில்லை. அதிகபட்சம் மணிக்கு 140 கிலோமீட்டர் போகும். கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கித் தெற்கே போகிற ரயில் மாற வேண்டியிருக்கலாம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்குப் போட்ட மின்மய இரட்டைத் தண்டவாளம் சிகாமட், குளுவாங், கூலாய் வழியாகவே போகிறது. என் சுவர் நூல் போகிற ஊர்கள்தான் பாதி. ஆனால் மாறுகிற இடத்தில் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்தால் காரைவிடச் சீக்கிரம் என்று சொல்ல மாட்டேன். காலை நீட்டி உட்காரலாம், கழிப்பறை இருக்கிறது, டோல் இல்லை. பண்டிகை டிக்கெட் விற்பனை திறந்த அன்றைக்கே தீர்ந்துவிடும். அன்று காலை என் கடைக்கு வந்து நிற்காதே, கைப்பேசியில் நீயே போட்டுவிடு.

கேள்வி: திருச்சிக்கு டிக்கெட் எடுத்தோம். கோலாலம்பூரில் இரவு 8 மணிக்குப் புறப்பட்டு, 9.30-க்குத் திருச்சி சேரும் என்று போட்டிருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் இந்தியாவா? அச்சுப் பிழையா? (தைப்பிங் வாசகர்)

பதில்: பிழை இல்லை. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரம், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரம். இந்தியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். ஒன்றரையுடன் இரண்டரையைக் கூட்டினால் நாலு மணி நேரம், அதுதான் பயணம். தூரம் 2,690 கிலோமீட்டர் போல. செனாய்க்கு ஆவதைவிட ஆறு மடங்கு தூரம், மூன்று மடங்கு நேரம்தான். கிராணி ஐயாவுக்குச் சொன்னது இங்கே நன்றாகத் தெரியும்.

திரும்பி வரும்போது தலைகீழ். இரவு 10.30-க்குத் திருச்சியில் ஏறினால் இங்கே விடியற்காலை 5 மணி. அழைத்துப் போக வருகிறவர்களிடம் மலேசிய நேரத்தைச் சொல்லுங்கள். தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நள்ளிரவைத் தாண்டுவதால் அடுத்த நாள் ஆகிவிடும்.

உங்கள் அப்பா "ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்" என்று சொல்வாரென்று எழுதியிருக்கிறீர்களே, அவர் காலத்தில் அது சரி. தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியது 1982 ஜனவரி 1-ம் தேதி. அதுவரை இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான்.

கேள்வி: உள்ளூர் விமானத்துக்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும்? பஸ் மாதிரி ஓடிப்போய் ஏற முடியாதா? (சுங்கை சிப்புட் மளிகைக் கடைக்காரர்)

பதில்: முடியாது, அண்ணே. போன தீபாவளிக்கு ஒரு குடும்பம். தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். 10 மணி விமானத்துக்கு ஒன்பதே காலுக்குப் போய் இறங்கியிருக்கிறார்கள். "வீட்டிலிருந்து முக்கால் மணி, விமானம் நிற்கிறது கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது" என்று தாத்தா கணக்கு. பெட்டி போடுகிற கவுண்ட்டர் மூடியாகிவிட்டது. பாட்டி மைலோ டின்னில் அடைத்த அச்சு முறுக்கை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக விமானம் கிளம்புவதைப் பார்த்திருக்கிறார். அங்கிருந்தே எனக்குப் போன். அடுத்த விமானத்துக்கு வேறு விலை. கடைசியில் பஸ்ஸில் ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையம் வரை போய், அங்கிருந்து கூலாய்க்குத் திரும்பி வந்து, இரவு பத்து மணிக்கு வீடு சேர்ந்தார்கள்.

பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்ட்டரை மூடிவிடும். டிக்கெட்டில் அந்த நேரம் எழுதியிருக்கும், படிக்கத்தான் மாட்டோம். கையில் எடுத்துப் போகும் பையோடு மட்டும் போவதென்றால் வீட்டிலேயே கைப்பேசியில் பதிந்துவிடலாம். அப்போதும் ஏறும் வாசல் புறப்பாட்டுக்கு முன்பே மூடும். ஈப்போ மாதிரிச் சின்ன நிலையத்தில் வரிசை குறைவு என்பது உண்மை. அதற்காக நேரத்தைக் குறைக்காதீர்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விட்டு, உள்ளே ஒரு கோப்பி குடியுங்கள்.

முறுக்கு, அதிரசம் கையிலேயே எடுத்துப் போகலாம், எடை ஏழு கிலோவுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் மலிவுக் கட்டண விமானங்களில் வழக்கமான அளவு. டுரியான் கூடாது. பிளாஸ்டிக் பெட்டியில் மூன்று சுற்று ஒட்டு நாடா ஒட்டினாலும் கூடாது. உங்கள் கடையிலிருந்து எடுத்துப் போகிற மிளகாய்த் தூளை இரட்டைப் பையில் கட்டிப் பெட்டியில் போடுங்கள், இல்லாவிட்டால் மகன் வீட்டில் புதுச்சட்டை எல்லாம் தும்மும்.

கேள்வி: கூலாய்க்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். (ஓய்வுபெற்ற மரம் வெட்டும் தொழிலாளி, சுங்கை சிப்புட்)

பதில்: டிக்கெட் எடுக்கும்போதே கூலாயில் நிறுத்துவார்களா என்று கேளுங்கள், தாத்தா. நிறுத்துகிற வண்டி என்றால் லார்க்கின் வரை போய்த் திரும்பி வருகிற முப்பது கிலோமீட்டரும் மிச்சம். இரவு வண்டியானால் ஓட்டுநரிடம் ஏறும்போது ஒரு முறை, யோங் பெங்கில் நிற்கும்போது ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள். ஈப்போவில் வண்டி ஏறுகிற இடம் அமான்ஜயா நிலையம், பழைய மேடான் கிட் இல்லை. போன வாரம்கூட ஒருவர் அங்கே போய் நின்றுவிட்டு வந்தார்.